கல்லிலிருந்து காங்கிரீட்டுக்கு: ஜப்பானிய மரவீடுகள் தரையைப் பற்றிய கதை

ஜப்பானிய மரவீட்டின் தூண் ஆதியில் மண்ணுக்குள் நின்றது. குழி தோண்டி, தூணை இறக்கி, சுற்றிலும் மண்ணை இடித்துக் கெட்டித்தார்கள். வீடு அசையாமல் நிற்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் ஈர மண்ணில் தூணின் கால் சில பத்தாண்டுகளில் உளுத்துவிடும். இன்றும் இந்த முறையில் தூண் நடப்படும் இஸே ஆலயம் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படுகிறது. கடைசியாகக் கட்டியது 2013-இல். அந்த வழக்கத்துக்குச் சமயக் காரணங்களும் உண்டு என்றாலும், புதைத்த தூணின் ஆயுளும் அதற்கு ஒத்துப்போகிறது.

கல் மேல் தூணை நிறுத்தும் முறை பௌத்தத்தோடு வந்தது. 588-இல் அசுகா கோயிலைக் கட்டத் தொடங்கியபோது கொரியாவின் பெக்ஜே நாட்டிலிருந்து தச்சர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அடிக்கல்லை நிலத்தில் பதித்து, அதன் மேல் தூணை நிறுத்தும் வித்தையை அவர்கள் கொண்டுவந்தார்கள். நாளடைவில் அரண்மனைகளும் செல்வர் வீடுகளும் அதைப் பின்பற்றின. சாமானியர் குடிசைகளில் மட்டும் மண்ணில் புதைத்த தூண் இன்னும் பல நூற்றாண்டுகள் நீடித்தது.

இந்தக் கல் பெரும்பாலும் செதுக்கப்படாத இயற்கைக் கல். கல்லின் மேடுபள்ளத்தைத் தூணின் அடியில் குறித்துக்கொண்டு, மரத்தை அதற்கேற்பக் குடைந்து உட்கார வைப்பார்கள். கல்லை மரத்துக்காகச் செதுக்குவதில்லை. மரம்தான் கல்லுக்கு வளைந்துகொடுக்கும். ஆணியோ கம்பியோ எதுவும் கிடையாது. வீட்டின் எடையே தூணைப் பிடித்து நிறுத்தியது. தூண்களை ஊடுருவிச் செல்லும் குறுக்குச் சட்டங்கள் சட்டகம் முழுவதையும் ஒன்றாகக் கோத்து வைத்தன. நிலம் குலுங்கினால் சட்டகம் நெளியும். மிக வேகமாகக் குலுங்கினால் தூண்கள் கல் மேல் சற்று வழுக்கும். அதனால் சில வீடுகள் தப்பின, சில சரிந்தன. எது தப்பும், எது சரியும் என்பதற்கு அனுபவத்தைத் தவிர வேறு கணக்கு இருக்கவில்லை.

அந்தக் கணக்கைத் தேட வைத்தது 1891 அக்டோபர் 28-இல் நேர்ந்த நோபி நிலநடுக்கம். 7,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மேற்கத்திய பாணியில் புதிதாக எழுப்பிய செங்கல் கட்டடங்களும் விழுந்தன, கல் மேல் நின்ற மரவீடுகளும் விழுந்தன. மறு ஆண்டே நிலநடுக்கச் சேதத்தைத் தடுக்கும் வழிகளை ஆராய அரசு ஒரு குழுவை அமைத்தது. 1894-இல் ஷோனாய் பகுதியில் மீண்டும் நிலம் குலுங்கிய பின், மரவீடுகளுக்கான பரிந்துரைகளை அந்தக் குழு வெளியிட்டது. அஸ்திவாரத்தைக் கவனமாக அமைக்க வேண்டும், மூலைவிட்டமாகச் சாய்சட்டம் போட வேண்டும், மரத்தை அளவுக்கு மீறிக் குடையாமல் இணைப்புகளில் இரும்புப் பட்டைகளைப் பயன்படுத்த வேண்டும் என்பவை அவற்றின் சாரம். தச்சர்கள் இதை உடனே ஏற்கவில்லை. இரும்பில்லாமல் இணைப்பதில்தான் அவர்களுடைய தொழிற்பெருமை இருந்தது.

1923-இல் தோக்கியோவையும் யோகோஹாமாவையும் அழித்த கன்தோ நிலநடுக்கத்துக்குப் பிறகு பொறியாளர்களிடையே நீண்ட வாதம் மூண்டது. கட்டடம் விறைப்பாக இருக்க வேண்டும் என்றார் சானோ தொஷிகாத்தா. நெகிழ்வாக இருந்தால்தான் அதிர்வைத் தாங்கும் என்றார் கடற்படைப் பொறியாளர் மஜிமா கென்சபுரோ. அன்றைய கருவிகளைக் கொண்டு இதைத் தீர்க்க முடியவில்லை. வாதம் முக்கியமாகப் பெரிய கட்டடங்களைப் பற்றியதுதான். ஆனாலும் அரசின் விதிகள் விறைப்பின் பக்கம் சாய்ந்தன, மரவீடும் அந்த வழியிலேயே போயிற்று.

1948-இல் ஃபுகுய் நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. இரண்டு ஆண்டுகளில், 1950-இல், கட்டடத் தரச் சட்டம் வந்தது. கல் மேல் நின்ற தூணுக்கு அந்தச் சட்டம் ஏறக்குறைய விடைகொடுத்துவிட்டது. கீழ்த்தளத் தூண்களின் அடியில் படுக்கைவாட்டில் அடிச்சட்டம் ஓட வேண்டும்; அந்த அடிச்சட்டத்தை அஸ்திவாரத்தோடு இறுகப் பிணைக்க வேண்டும். அதே ஆண்டில் தொடங்கிய அரசு வீட்டுக்கடன் நிறுவனம் கடன் தருவதற்குத் தனக்கென ஒரு கட்டுமான விவரக் கையேட்டை வைத்திருந்தது. அந்தப் பிணைப்புக்கான ஆங்கர் போல்ட்டின் அளவும் இடைவெளியும் கிராமத்துத் தச்சர்வரை போய்ச் சேர்ந்ததில் அந்தக் கையேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. பணம் வேண்டுமென்றால் போல்ட் போட்டாக வேண்டும்.

அந்தக் கையேட்டின் வழியே நிலைபெற்ற முறை இது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட் காங்கிரீட்டுக்குள் 25 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். போல்ட்டுக்குப் போல்ட் இடைவெளி 2.7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அடிச்சட்டத்தின் முனைகளிலும், இரு துண்டுகள் சேரும் இடத்திலும், சாய்சட்டம் உள்ள தூண்களின் அருகிலும் தவறாமல் ஒன்று வேண்டும். எழுத்தில் எளிது, களத்தில் அப்படியல்ல. காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே போல்ட்டைக் கம்பியோடு கட்டி நிறுத்துவதுதான் முறை. சோம்பல்பட்ட ஆட்கள் ஊற்றி முடித்த ஈரக் காங்கிரீட்டில் போல்ட்டைக் கையால் குத்தி நிறுத்திவிடுவார்கள். தொழிலில் இதற்கு ‘நாற்று நடவு’ என்றே பெயர். அப்படி நட்ட போல்ட் சாயும், ஆழம் குறையும், காங்கிரீட்டின் பிடியும் தளரும். இடம் தவறி நின்ற போல்ட்டை வளைத்து அடிச்சட்டத்தின் துளைக்குள் நுழைத்த கட்டடங்களும் குறைவில்லை.

அடிச்சட்டம் காங்கிரீட்டின் மேல் படுத்ததால் பழைய பகையான ஈரமும் திரும்பி வந்தது. அதனால் ஹினோக்கி, ஹிபா, செஸ்ட்நட் போன்ற எளிதில் உளுக்காத மரங்களே அடிச்சட்டத்துக்கு விரும்பப்பட்டன. காற்றோட்டத்துக்காக அஸ்திவாரச் சுவரில் 5 மீட்டருக்கு ஒன்றாகத் துளை விட்டார்கள். அந்தத் துளைகளின் மூலைகளிலிருந்தே விரிசல் கிளம்பியது. பழந்தச்சர்கள் அடிச்சட்டத்துக்குக் கீழே சிறு கல்லோ மரத்துண்டோ வைத்து இடைவெளி விடுவதுண்டு. பிற்காலத்தில் அதே உத்தி நெகிழி அடைகளாகத் திரும்பி வந்து துளைகளின் தேவையை நீக்கியது.

1995 ஜனவரி 17 அதிகாலையில் கோபே குலுங்கியது. 6,434 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோரைக் கொன்றவை இடிந்து விழுந்த பழைய மரவீடுகள். பல வீடுகளில் கரையானும் ஈரமும் அடிச்சட்டத்தை முன்பே தின்று தீர்த்திருந்தன. ஆனால் பொறியாளர்களை அதிகம் உறுத்தியது வேறொரு காட்சி. அடிச்சட்டம் போல்ட்டோடு காங்கிரீட்டில் பத்திரமாகக் கிடந்தது. தூண் மட்டும் அதிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. சாய்சட்டம் போட்ட சுவரை மேலிருந்து பக்கவாட்டில் தள்ளினால், அது நெளிவதற்குப் பதில் கவிழப் பார்க்கும். ஒரு பக்கத்துத் தூணின் கால் மேலே எழும்பும். தூணின் அடியில் செதுக்கிய முளை அடிச்சட்டத்தின் துளைக்குள் செருகியிருந்தது, அவ்வளவுதான். மேல்நோக்கிய இழுப்பை அந்த இணைப்பால் தாங்க முடியவில்லை. சுவரை வலுவாக்கியதால் இழுப்பு கூடியது. அந்த இழுப்பை அஸ்திவாரம்வரை கொண்டுசெல்ல யாரும் வழி செய்யவில்லை. 1950-இன் சட்டம் தூணின் இணைப்பும் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று மட்டுமே சொன்னது. எதைக் கொண்டு, எந்த அளவுக்கு என்பது அரை நூற்றாண்டாகத் தச்சரின் கையில் விடப்பட்டிருந்தது.

2000-இல் விதிகள் அந்த இடைவெளியை அடைத்தன. சுவரின் வகைக்கும் தூண் நிற்கும் இடத்துக்கும் ஏற்ப எந்த இரும்புப் பொருத்தியைப் பயன்படுத்த வேண்டும் என்று அட்டவணை வந்தது. அதிக இழுப்பு வரும் மூலைத்தூண்களுக்கு ‘ஹோல்டவுன்’ எனும் பொருத்தி. இதில் 16 மில்லிமீட்டர் போல்ட் அடிச்சட்டத்தைத் துளைத்துக் கொண்டு மேலே வந்து நேராகத் தூணின் பக்கத்தில் பிணைகிறது. கீழே காங்கிரீட்டுக்குள் அது குறைந்தது 36 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். பெரிய பொருத்தி ஒன்று 25 கிலோநியூட்டன், அதாவது சுமார் இரண்டரை டன் இழுப்பைத் தாங்கும். மண்ணின் தாங்குதிறனைப் பார்த்தே அஸ்திவார வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது வந்தது. சுவர்களுக்கு அடியில் மட்டும் ஓடிய பட்டை அஸ்திவாரம் பின்தங்கி, வீட்டின் பரப்பு முழுவதும் கம்பி கட்டி வார்க்கும் காங்கிரீட் தளம் பெருவழக்காயிற்று.

இந்த மாற்றங்களுக்கான தேர்வு 2016 ஏப்ரலில் குமாமோத்தோவில் நடந்தது. மஷிகி ஊர் ஏறத்தாழ 28 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை உச்ச அளவில் குலுங்கியது. அதன் மையப் பகுதியில், நிலநடுக்க விதிகள் கடுமையாக்கப்பட்ட 1981-க்கு முன் கட்டிய மரவீடுகளில் 28.2 சதவீதம் இடிந்து விழுந்தன. 1981-க்கும் 2000-க்கும் இடையில் கட்டியவற்றில் 8.7 சதவீதம். 2000-இன் விதிகளுக்குப் பின் கட்டியவற்றில் 2.2 சதவீதம். இதற்குப் பொருத்திகள் மட்டுமே காரணமல்ல. சுவர்களின் அளவும் அவற்றைச் சமமாகப் பரப்பும் விதியும் சேர்ந்தே இந்த வேறுபாட்டைத் தந்தன.

கல் மேல் நிறுத்தும் வீடு முற்றிலும் மறையவில்லை. 2000-இல் அறிமுகமான ஒரு கணக்கீட்டு முறை அதற்கு ஒரு குறுகிய கதவைத் திறந்தது: வீடு எவ்வளவு நெளியும், எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டுக் காட்டினால் அனுமதி கிடைக்கும். மிகி நகரில் 2005 முதல் இயங்கும் பிரம்மாண்டமான அதிர்வு மேடையில் இத்தகைய வீடுகளை முழு அளவில் கட்டிக் குலுக்கிப் பார்த்திருக்கிறார்கள். வழுக்குவது தன்னளவில் ஆபத்தல்ல. ஆனால் ஒவ்வொரு தூணும் தன் போக்கில் வழுக்கினால் சட்டகம் கிழியும். அதனால் தூண்களின் கால்களைத் தரையை ஒட்டிக் குறுக்குச் சட்டங்களால் ஒன்றோடொன்று கட்டுகிறார்கள். கணக்கீட்டுக்கு ஆகும் செலவும் காலமும் அதிகம் என்பதால், இப்படிக் கட்டுவோர் இன்று மிகச் சிலரே.