கழுத்துக்கு முள்ளு வெச்ச காலர்

ராத்திரி ஒன்பது மணி தாண்டினால் போதும், அம்மாவிடமிருந்து போன் வந்துவிடும். "கெளம்பிட்டியாடா? அந்த செயினக் கழட்டி பேன்ட் பாக்கெட்டுல போட்டுக்கோ. டிவில காட்டினாங்களே, பாத்தியா?"

டிவியில் காட்டியது எங்கேயோ ஒரு தெருவில் நடந்த செயின் பறிப்பு. சிசிடிவியில் பதிவான பதினோரு செகண்ட் காட்சி. அதுக்கு சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, பின்னாடி டம் டம்முனு மியூசிக் சேர்த்து சாயங்காலத்தில் இருந்து முப்பது தடவையாவது ஓட்டியிருப்பார்கள். நடந்தது ஒரு தடவை. அம்மா மனசுக்குள் அது முப்பது தடவை நடந்துவிட்டது. இத்தனைக்கும் இதே அம்மா, விருத்தாசலத்தில் வாசக் கதவை சும்மா சாத்திவிட்டு மாவு மில்லுக்குப் போய் அரை மணி நேரம் கதை பேசிவிட்டு வருகிற ஆள். அந்தத் தெருவில் திருட்டே கிடையாது என்றில்லை. எதிர்வீட்டு போர் மோட்டாரையே ஒரு தடவை கழட்டிக்கொண்டு போனார்கள். ஆனா அது டிவியில் வரலை.

அம்மாவைக் கிண்டல் பண்ணுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று கடைசியில் சொல்றேன்.

நிற்க. பயம் எப்படி ஊர் முழுக்கப் பரவும், பரவினால் அது யார் தலையில் போய் விடியும் என்பதற்கு நான் படித்ததிலேயே சுவாரசியமான கதை 1862-ம் வருஷத்து லண்டன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அப்போது லண்டன் மக்கள்தொகை கிட்டத்தட்ட 28 லட்சம். உலகத்திலேயே பெரிய நகரம். 1862 ஜூலை 17 ராத்திரி, பிளாக்பர்ன் தொகுதி எம்.பி. பில்கிங்டன் நாடாளுமன்றத்தில் இருந்து தன்னுடைய கிளப்புக்கு நடந்து போகிறார். போகிற தெரு பால் மால். சந்து பொந்து கிடையாது. பெரிய மனுஷர்களின் கிளப்புகள் வரிசையாக நிற்கிற தெரு. 1807-லேயே லண்டனில் முதன்முதலாக கேஸ் விளக்கு எரிந்த தெருவும் அதுதான். அங்கே வைத்து அவரை அடித்துச் சாய்த்து, கழுத்தை நெரித்து, வாட்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். அதே ராத்திரி கொஞ்ச தூரத்தில் எண்பது வயசைத் தாண்டிய ஒரு பழம்பொருள் ஆராய்ச்சியாளருக்கும் இதே கதி. இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

இதற்கு 'கரோட்டிங்' என்று பெயர். ஸ்பெயினில் கழுத்தை இறுக்கிக் கொல்லும் மரண தண்டனைக் கருவியின் பேரில் இருந்து வந்த வார்த்தை. மூணு பேர் டீம். ஒருத்தன் முன்னாடி நடந்து வழியில் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பான், ஒருத்தன் பின்னாடி காவல், மூணாவது ஆள் பின்பக்கமாக வந்து முழங்கையால் கழுத்தை இறுக்குவான். ஆள் மயங்கியதும் பையைக் காலி பண்ணிவிட்டு எஸ்கேப். லண்டனுக்கு இது புதுசு ஒண்ணும் இல்லை. 1850-களிலேயே இப்படி ஒரு பீதி கிளம்பி அடங்கியிருக்கிறது.

அப்புறம் ஏன் 1862-ல் மட்டும் ஊரே அலறியது? முதல் காரணம், அடி வாங்கியது எம்.பி. ஏழைக் குடியிருப்பில் ஒரு கூலிக்காரன் கழுத்தை நெரித்திருந்தால் பேப்பரில் நாலு வரி வந்திருக்கும். ரெண்டாவது காரணம் அந்தப் பேப்பர். 1855-ல் பத்திரிகைகள் மேல் இருந்த முத்திரை வரியை எடுத்தார்கள், 1861-ல் காகித வரியையும் எடுத்துவிட்டார்கள். விளைவு, ஒரு பென்னிக்கு தினசரி. போட்டி பயங்கரம். தினமும் பக்கத்தை நிரப்பணும், தினமும் விற்கணும். இதற்கு கழுத்து நெரிப்பை விட நல்ல சரக்கு கிடைக்குமா? போதாக்குறைக்கு அந்த வருஷம் லண்டனில் சர்வதேசப் பொருட்காட்சி வேற. ஊர் முழுக்க வெளியூர்க்காரர்கள்.

பத்திரிகைகள் இந்தத் திருடர்களை யாரோடு ஒப்பிட்டன தெரியுமா? நம்ம ஊர் தக்கர்களோடு! 1830-களில் ஸ்லீமன் இந்தியாவில் தக்கர்களைப் பிடித்த கதையும், 1839-ல் வந்த மெடோஸ் டெய்லரின் நாவலும் ஆங்கிலேயர்களுக்கு நல்லா பரிச்சயம். துணியால் கழுத்தை இறுக்கும் காளி பக்தர்கள் பால் மாலுக்கே வந்துவிட்ட மாதிரி ஒரு பிம்பம். உள்ளூர்த் திருடனையே அன்னியனாக்கிவிட்டால் பயப்படுவது சுலபம், வெறுப்பது இன்னும் சுலபம்.

அதற்கப்புறம் நடந்தது பாதி காமெடி. கழுத்தில் மாட்டிக்கொள்ள முள் வைத்த காலர் வந்தது. நாய்க்குப் போடுவோமே, அதே டிசைன் :-) 'பஞ்ச்' பத்திரிகை இதை வைத்து கார்ட்டூன் மேல் கார்ட்டூனாகப் போட்டுக் கலாய்த்தது. உடம்பெல்லாம் முள் குத்திய கோட்டு, ராத்திரி விருந்து முடிந்து ராணுவ அணிவகுப்பு மாதிரி வீடு திரும்பும் கனவான்கள் என்று. ட்ரோலப் எழுதிய 'ஃபினியஸ் ஃபின்' நாவலில் கதாநாயகன் ஒரு மந்திரியை கரோட்டர்களிடம் இருந்து காப்பாற்றித்தான் பெரிய ஆளாகிறான். அந்த நாவல் வந்தது 1860-களின் கடைசியில். அவ்வளவு நாள் கழிச்சும் வாசகனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மீதிப் பாதி காமெடி இல்லை.

ஜூலைக்கு முன்னால் போலீஸ் கணக்கில் இந்த மாதிரி வழிப்பறிகள் சொற்பம். பத்திரிகைகள் கத்த ஆரம்பித்ததும் எண்ணிக்கை ஏற ஆரம்பித்து நவம்பரில் உச்சத்துக்குப் போனது. அப்படின்னா குற்றம் நிஜமாவே கூடிடுச்சா? ஜெனிஃபர் டேவிஸ் என்ற வரலாற்றாய்வாளர் 1980-ல் வெளிவந்த கட்டுரையில் இதைத்தான் நோண்டி எடுத்தார். முன்னாடி குடிகாரச் சண்டை, சில்லறைத் திருட்டு என்று எழுதப்பட்டவை எல்லாம் இப்போது கரோட்டிங் என்று எழுதப்பட்டன. போலீஸ் மஃப்டியில் இறங்கி, ஏற்கெனவே சிறைக்குப் போய் வந்தவர்களாகப் பார்த்துத் தூக்கியது. கைது கூடக் கூட பத்திரிகையில் செய்தி கூடியது, செய்தி கூடக் கூட கைதும் கூடியது.

எங்க ப்ராஜெக்டில் ஒரு தடவை யாரோ அலர்ட் த்ரெஷோல்டைக் குறைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் டாஷ்போர்டு முழுக்க சிவப்பு. மேனேஜர் பதறி, கால் போட்டு, பத்து பேரை உட்கார வைத்து... சர்வர் முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. லண்டன் கதையைப் படித்தபோது அந்த டாஷ்போர்டுதான் கண் முன்னால் வந்தது. ஒரு வித்தியாசம், எங்க சிவப்புப் புள்ளிகள் யாரும் ஜெயிலுக்குப் போகலை.

அந்தப் புள்ளிகள் யார் என்பதுதான் முக்கியம். அதுவரை பிரிட்டன் தன் குற்றவாளிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி நிம்மதியாக இருந்தது. டாஸ்மேனியா 1853-ல் இனி வேண்டாம் என்று கதவைச் சாத்தியது. ஆக, உள்ளூரிலேயே சிறை வைத்து, ஒழுங்காக நடந்துகொண்டவர்களை தண்டனை முடியும் முன்பே ஒரு சீட்டு கொடுத்து வெளியே விட ஆரம்பித்தார்கள். இவர்கள்தான் 'சீட்டுக்காரர்கள்'. யார் கழுத்தை யார் நெரித்தாலும் பழி இவர்கள் மேல். அவனுக்கு வேலை கிடைக்காது, கிடைத்தாலும் போலீஸ்காரர் வந்து முதலாளி காதில் விஷயத்தைப் போட்டால் போச்சு. 1863 மே மாதம் டாம் டெய்லர் இப்படிப்பட்ட ஒருவனையே நாயகனாக்கி 'தி டிக்கெட் ஆஃப் லீவ் மேன்' என்று நாடகம் போட்டார். சக்கைப் போடு போட்டது. அரங்கத்தில் அவனுக்காகக் கண் கலங்கியவர்களில் எத்தனை பேர் அவனுக்கு வேலை கொடுத்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நவம்பரில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நீதிபதி பிராம்வெல் கும்பலாகக் கடும் தண்டனைகள் கொடுத்தார். ஜனவரி வாக்கில் பீதி இறங்கத் தொடங்கிவிட்டது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் 1863 ஜூலையில், அதாவது சம்பவம் நடந்து ஒரு வருஷம் கழித்து, எல்லாம் அடங்கின பிறகு, நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கழுத்தை நெரித்துத் திருடினால் சிறையோடு சவுக்கடியும் உண்டு. மூணு தவணை வரைக்கும், தவணைக்கு ஐம்பது அடி வரைக்கும். இத்தனைக்கும் 1861 சட்டத்திலேயே கழுத்தை நெரித்துக் குற்றம் செய்ய முயல்பவனுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்க இடமிருந்தது. உள்துறை அமைச்சர் ஜார்ஜ் கிரே வேண்டாம் என்றுதான் சொன்னார். தனிநபர் மசோதாவாகவே வந்து ஜெயித்துவிட்டது.

எனக்கு இதில் ரொம்ப ஆச்சரியம் இதற்கு அடுத்த கட்டம். 'சவுக்கடி கொடுத்தோம், கரோட்டிங் ஒழிந்தது' என்ற நம்பிக்கை மட்டும் மக்கள் மனசில் ஃபெவிகால் போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. எந்தக் குற்றம் பற்றிப் பேசினாலும் உடனே யாராவது எழுந்து இதை உதாரணம் காட்டுவார்கள். உள்துறை அமைச்சராக இருந்து பிற்காலத்தில் பிரதமரான அஸ்க்வித், சட்டம் வருவதற்கு முன்பே கரோட்டிங் அடங்கிவிட்டது என்று நாடாளுமன்றத்தில் எடுத்துச் சொன்னார். யார் கேட்டா? 1938-ல் கேடகன் கமிட்டி உட்கார்ந்து ஆராய்ந்து, சவுக்கடியால் குற்றம் குறைந்ததாக ஆதாரம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. கடைசியில் 1948-ல்தான் நீதிமன்றம் சவுக்கடி விதிப்பதை எடுத்தார்கள். சில மாசத்துப் பயம், 85 வருஷத்துச் சட்டம்.

கூடவே இன்னும் சில சட்டங்கள் வந்தன. 1864-ல், சீட்டு வாங்கி வெளியே வந்தவன் மாசாமாசம் போலீஸில் ஆஜராக வேண்டும். 1869-ல் வழக்கமான குற்றவாளிகள் சட்டம். 1871-ல் அதை இன்னும் இறுக்கி இன்னொன்று. 'குற்றம்' என்ற சொல் மெல்ல நகர்ந்து 'குற்றம் செய்கிற வகை ஆள்' என்றாகிவிட்டது.

1871 என்றதும் நம்மில் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். அதே வருஷம்தான் இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. லண்டனில் தண்டனை பெற்றவனைத்தான் கண்காணித்தார்கள். இங்கே அதுகூட வேண்டாம், அந்தச் சாதியில் பிறந்தாலே போதும். முதலில் வட இந்தியாவில் ஆரம்பித்து 1911 சட்டம் வழியாக சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்ம பக்கம் அதற்குப் பேரே ரேகைச் சட்டம். கைரேகை வைக்கணும், ராத்திரி ஆனால் ஸ்டேஷனில் போய்ப் படுக்கணும். பிறமலைக் கள்ளர்கள், குறவர்கள் என்று எத்தனையோ குடும்பங்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அந்தச் சட்டம் போனது, நாடு முழுக்க 1952-ல். போனதா என்றால், 1948-லேயே இங்கே வழக்கமான குற்றவாளிகளுக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் தயார்.

சரி, கடைசியில் சொல்றேன்னு சொன்ன விஷயம்.

2018 மே மாசம். நான் அப்போது காலேஜ். பிள்ளை பிடிக்கிற வடநாட்டுக் கும்பல் நூத்துக்கணக்கில் இறங்கியிருக்கு என்று ஒரு வாய்ஸ் நோட் சுற்றியது. ஹாஸ்டலில் உட்கார்ந்துகொண்டு அதை எங்க சொந்தக்காரர்கள் குரூப்பில் நான்தான் போட்டேன். 'உண்மையா பொய்யானு தெரியல, எதுக்கும் ஜாக்கிரதை' என்று கீழே பொறுப்பாக ஒரு வரி வேற. அதே நாட்களில்தான் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வம் கோயிலுக்கு சொந்தபந்தத்தோடு காரில் வந்த வயதான அம்மா ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த பாவத்துக்கு அடித்தே கொல்லப்பட்டார். அவர் வடநாட்டுக்காரர் கூட இல்லை, தமிழ் பேசுகிறவர்.

என் மெசேஜ் போளூருக்குப் போகலை. திண்டிவனத்தில் எங்க அத்தை தெரு வரைக்கும் போனது. அங்கே மாசத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் போர்வை விற்க வருகிற பையன் ஒருத்தன் உண்டு. தவணையில் கொடுப்பான். அந்த வாரம் அவன் வந்தபோது தெருவே கூடி நிறுத்தி ஆதார் கார்டு கேட்டிருக்கிறார்கள். போனைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார்கள். யாரோ ஒருத்தர் கன்னத்தில் ரெண்டு வைத்த பிறகு, அத்தைதான் "எனக்குத் தெரிஞ்ச புள்ளப்பா, ரெண்டு வருஷமா வரான்" என்று குறுக்கே விழுந்து அனுப்பி வைத்தார்.

அத்தை என்னைத் திட்டவில்லை. மெசேஜ் நான் போட்டது என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்றே தெரியலை. அந்தப் பையன் அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. ரெண்டு போர்வைக்கு அவனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி முந்நூறு ரூபாய் அத்தையிடம் ரொம்ப நாள் சாமி படத்துக்குப் பின்னாடி இருந்தது. கொடுத்தனுப்பலாம் என்றால் அவன் பேர் என்னன்னு தெருவில் ஒருத்தருக்கும் தெரியலை.