துபாசிகளின் நகரில் மொழிக்கல்வி

அயல் இனத்தாரோடு பழகவும் அவரிடையே தலைமை தாங்கவும் சில வாரங்களில் பயிற்றுவிக்கும் குறுங்காலப் படிப்புகள் இன்று உலகெங்கும் பெருகியுள்ளன. பண்பாடு கடந்த தலைமை என்று அதற்குப் பெயரும் சூட்டியுள்ளனர். பெயர் புதிது, தொழில் பழையது. புதுவையில் அத்தொழில் செய்தோர் துபாசி எனப்பட்டனர். இரு மொழி அறிந்தவர் என்பதே அச்சொல்லின் பொருள். ஆயினும் மொழிபெயர்ப்பது மட்டுமே அவர்தம் பணியன்று. பிரெஞ்சுக் கும்பினிக்கு வணிகரையும் நெசவாளரையும் சேர்த்துக் கொடுப்பதும், நவாபுகளின் தூதரை எதிர்கொள்வதும், ஊரில் பூசல் எழுந்தால் பேசித் தீர்ப்பதும் அவர்கள் தலைமேல் விழுந்த சுமைகள்.

இரு மொழிகளுக்கு இடையே நிற்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு நைனியப்பப் பிள்ளையின் வழக்கே சான்று. கும்பினியின் தலைமைத் தரகராய் விளங்கிய அவரை 1716ஆம் ஆண்டு ஆளுநர் ஏபேர் சிறையிலிட்டார். கொடுமை செய்தார், கலகம் தூண்டினார் என்பன குற்றச்சாட்டுகள். கிறித்தவரல்லாத ஒருவர் அப்பதவியில் இருந்தது இயேசு சபையாருக்கு நெடுநாளைய உறுத்தல். விசாரணையில் தமிழர் பலர் சாட்சி கூறினர். அவர்கள் தமிழில் சொன்னவை பிரெஞ்சில் எழுதப்பட்டன. அவ்வெழுத்தைப் படித்தறிய இயலாமலே அதன்கீழ்க் கையொப்பமும் இட்டனர். மொழிபெயர்த்தவர் யார் எனின், இயேசு சபை உபதேசியார் ஒருவரின் மகன்! கடைத்தெருவில் 50 கசையடி, மூன்றாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல், அதன்பின் நாடுகடத்தல் என்று தீர்ப்பாயிற்று. 1717இல் சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அயலாருக்கும் தம்மவருக்கும் நடுவே பாலமாய் வாழ்ந்தவர், மூன்றாம் மனிதர் ஒருவரின் மொழிபெயர்ப்பில் வீழ்ந்தார்.

அவர் மகன் குருவப்பப் பிள்ளை அஞ்சி ஒடுங்கினாரல்லர். கடல் கடந்து பிரான்சு சென்று முறையிட்டார். தந்தை மீதான தீர்ப்பு, அவர் மறைந்த பின்னரேனும், நீக்கப்பட்டது. பிரான்சில் குருவப்பர் தங்கியது சில ஆண்டுகளே. அதற்குள் அந்நாட்டார் எதனை மதிப்பர், யாரிடம் எவ்வாறு பேசினால் காரியம் கைகூடும் என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டார். செவாலியே பட்டத்துடன் திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார். குறுங்காலக் கல்விக்குப் புதுவை தந்த பழைய சான்றாக இதனைக் கொள்ளலாம். ஆனால் அதன்பொருட்டு அவர் விட்டுக்கொடுத்தது குலச்சமயத்தை. ஞானத்தோய்வு பெற்றே அவர் ஊர் மீண்டார்.

அக்குடும்பத்தின் உறவினரே ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761). 1736 முதல் வாழ்வின் இறுதிவரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பை வணிகச் செய்திக்கும் போர்ச் செய்திக்கும் மட்டுமே புரட்டுவோர் அதன் பாதியை இழக்கின்றனர். யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதில் அவர் காட்டும் கவனம், நைனியப்பர் வழக்கை அறிந்தவருக்கே முழுதும் விளங்கும். ஆளுநர் துய்ப்ளேக்சின் மனைவி ழான் தமிழ் அறிந்தவர். ஆதலின் ஆளுநரின் செவிக்குத் துபாசியை விலக்கி வேறொரு வழி இருந்தது. அவ்வம்மையார் அரசு காரியங்களில் தலையிட்டதைப் பிள்ளை கசப்போடு குறித்துவைக்கிறார். மொழியறிவே அதிகாரம் என்பதை அவ்விருவரும் நன்கு உணர்ந்திருந்தனர்.

1846இல் அந்நாட்குறிப்பு வெளிப்பட்டது. காரைக்காலில் வளர்ந்து பாரீசில் தமிழ் கற்பித்த ழூலியன் வேன்சோன், 1894இல் அதன் பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். பிரெஞ்சுக்காரர்க்குப் பணிசெய்த துபாசி, அவர்தம் பேரர்களுக்கு ஆசிரியரானார் எனலாம்.

1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. மறு ஆண்டே ழான் ஃபிலியோசாவின் தலைமையில் பிரெஞ்சு நிறுவனம் புதுவையில் தொடங்கப்பெற்றது. தூரக்கிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியின் கிளையும் அமைந்தது. ஆணையிட வந்தோர் வாழ்ந்த கடற்கரைத் தெருக்களுக்கு, இப்போது பாடங்கேட்க அயலார் வந்தனர். பரிபாடலைப் பிரெஞ்சில் பெயர்த்து 1968இல் வெளியிட்ட பிரான்சுவா குரோ அவ்வரிசையில் வைத்தெண்ணத் தக்கவர். தேவாரப் பதிப்பால் பெரும்புகழ் பெற்ற பண்டிதர் தி.வே. கோபாலையர், இலக்கணக் கடலை அவ்வயலார்க்குக் கரை காட்டினார். இந்நூற்றாண்டில் துய்மா வீதியிலுள்ள அவ்வாய்வுப்பள்ளி, சில வாரங்களே நீளும் பழந்தமிழ்ப் படிப்பரங்குகளையும் கூட்டத் தொடங்கியது.

சில வாரங்களில் மொழி கைவருமோ எனின், வாராது. ஆயினும் பெயர்ப்பவர் விட்டது எங்கே, சேர்த்தது எங்கே என்று ஐயுறும் அளவுக்கேனும் செவி பழகும். 1716இல் தீர்ப்பளித்தோர்க்கு அத்தகு செவி இருந்திருப்பின், சாட்சிகளுள் ஒருவரையேனும் மறுமுறை வினவியிருப்பர்.

கோபாலையர் 2007இல் மறைந்தார். அவரிடம் பயின்ற ஐரோப்பியர் சிலர் தத்தம் நாடுகளில் தொல்காப்பியமும் சங்கப்பாட்டும் கற்பிக்கும் ஆசிரியராயினர்.