கரடித்தடுப்பு உணவுக் கலன்

காட்டில் கூடாரமிட்டுத் தங்குவோர் உணவைக் கரடிகளிடமிருந்து காக்கப் பயன்படுத்தும் உருளை வடிவக் கெட்டிப் பெட்டி. வட அமெரிக்காவில் பெருவழக்கு. கடினப் பிளாஸ்டிக்காலோ கார்பன் இழையாலோ ஆனது. ஒரு கிலோ அளவு எடை. கரடியின் வாய்க்குள் அடங்காத பருமனும் பிடி கிடைக்காத வழவழப்பும்தான் இதன் பலம்.

முன்பு உணவு மூட்டையைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டனர். கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காக் கரடிகள் அந்த வித்தையை எளிதில் முறியடித்தன. அங்கே காட்டுப் பகுதியில் இன்று தொங்கவிடுவது விதிமீறல், கலன் கட்டாயம். பற்பசை, சோப்பு, குப்பை என மணமுள்ள எல்லாமே உள்ளே போக வேண்டும். கூடாரத்திலிருந்து தள்ளி, நீர்நிலையும் பள்ளமும் இல்லாத சமதரையில் வைப்பார்கள். கயிறு கட்டக்கூடாது, கட்டினால் கரடி இழுத்துப் போக வசதி.

புதிய வடிவங்களை மொன்டானா மாநிலத்தின் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் காப்பகக் கரடிகளிடமே கொடுத்துச் சோதிக்கின்றனர். இதைவிடக் கண்டிப்பான தேர்வாளர் கிடைப்பது கடினம். ஆனாலும் நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலையில் 'யெல்லோ-யெல்லோ' எனப்பட்ட கருங்கரடி, பேர்வால்ட் நிறுவனக் கலனின் மூடியைத் திறக்கக் கற்றுக்கொண்டது. நிறுவனம் பூட்டமைப்பை மாற்றிப் பார்த்தும் பலிக்கவில்லை.

மிதிவண்டிப் பயணிகளுக்கு இது சங்கடமான சுமை. பக்கப் பைகளில் எளிதில் அடங்காததால் பின்சட்டத்தின் மேல் வாரால் இறுக்கிக் கட்டுகின்றனர். அணில், ரக்கூன் தொல்லைக்கும் இதுவே போதும்.