காற்றுக் கிண்ணம் ஆற்றில் இறங்கிய கதை

2023 அக்டோபரில் திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் கொட்டிய மழையில் தெற்றியாறு கரை தாண்டியது. டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தைச் சுற்றி வீடு, சாலை எல்லாம் தண்ணீர். பெயரில்தான் ஆறு, பார்த்தால் ஓடை. இது எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்று கேட்டால், ஆற்றை அளக்கும் கலையைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கலை ஊர் ஊராகச் சுற்றி வந்த ஒன்று.

தொடக்கத்தில் அளந்தவர்களுக்கு வெள்ளத்தைவிட வரிமேல்தான் கண். கெய்ரோவின் ரோடா தீவில் 861இல் எழுப்பிய நைல் அளவுத்தூணில் முழக்கணக்கில் கோடுகள் உண்டு. தண்ணீர் ஏறக்குறைய 16 முழம் ஏறினால் நல்ல விளைச்சல், வரியும் அதற்கேற்ப. நம் அர்த்தசாஸ்திரமும் மழை அளக்கும் பாத்திரத்தைக் களஞ்சியத்தின் முன்னால்தான் வைக்கச் சொல்கிறது. கொரியாவில் 1441இல் சியோல் நகர ஓடையிலேயே அளவுகோல் நட்டுவிட்டார்கள். பாலத்தூண்களில் இன்று நாம் பார்க்கும் எண்கள் இந்த வம்சம்.

ஆனால் உயரம் மட்டும் தெரிந்து என்ன பயன்? மேட்டூருக்கு வினாடிக்கு இத்தனை கனஅடி என்று சொல்ல, வேகமும் வேண்டும். 1732இல் ஹென்றி பிட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செய்து, சேன் ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராக நீட்டினார். குழாய்க்குள் நீர் ஏறிய உயரம் வேகத்தைச் சொன்னது. அந்தக் குழாய் பின்னாளில் வானத்துக்குப் போய்விட்டது. திருவனந்தபுரத்தில் இறங்கும் விமானங்கள் வேகம் பார்ப்பது பிட்டோ குழாயை வைத்துத்தான்.

ஆறு கொடுத்த கடனைக் காற்று திருப்பிக் கொடுத்தது. 1846இல் அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்து ராபின்சன், காற்றின் வேகத்தை அளக்கச் சுழலும் அரைக்கோளக் கிண்ணங்களை அமைத்தார். 1860களில் அமெரிக்காவின் பேரேரிகளை அளந்துகொண்டிருந்த ஃபாரண்ட் ஹென்றி, அதை அப்படியே தண்ணீரில் இறக்கி, தந்திக் கம்பியையும் மாட்டிவிட்டார்; சுற்றுக் கணக்கு மின்சாரத்தில் மேலே வந்தது. 1874இல் எல்லிஸ் என்பவர் அதைத் திருத்தினார். பிறகு பிரைஸ் என்பவர் வந்து 1885இல் காப்புரிமை வாங்க, கருவிக்கு அவர் பெயரே நிலைத்தது. ஹென்றியை நினைக்க ஆளில்லை. ஆனாலும் பிரைஸைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓஹியோ ஆற்றின் சேறு அச்சுக்குள் புகாமல் இருக்க, அச்சு சுழலும் தாங்கிகளைக் காற்று அடைபட்ட சிறு அறைகளுக்குள் வைத்தவர் அவர்.

இன்றும் நம் பொறியாளர்கள் ‘கரண்ட் மீட்டர்’ என்று அழைக்கும் கிண்ணக்கருவி இதன் வாரிசுதான். ஆற்றைக் குறுக்கே பட்டை பட்டையாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பட்டையிலும் மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்துக்குக் கருவியை இறக்கி, கையில் கடிகாரத்துடன் சுற்றுகளை எண்ணுவார்கள். ஆழம் அதிகமென்றால் இரண்டு இடத்தில் எண்ணிச் சராசரி. பரப்பை வேகத்தால் பெருக்கிக் கூட்டினால் கனஅடி கிடைத்துவிடும். கழக்கூட்டத்துக்கு வடக்கே அயிலத்தில் வாமனபுரம் ஆற்றுக்கு மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் ஒன்று உண்டு.

நிலத்தடி நீரின் கதை இன்னும் வேடிக்கை. டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று சோதித்தார். 1856இல் வெளிவந்த அவருடைய தடித்த புத்தகத்தின் பின்னிணைப்பில் அது ஒரு குறிப்பு. புத்தகத்தை இன்று புரட்டுவோர் அரிது. ஆனால் உலகமே நிலத்தடி நீரைக் கணக்கிடுவது அந்தக் குறிப்பை வைத்துத்தான்.

கழக்கூட்டத்தின் அண்டை ஊரான தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியது. நிலத்தடி நீரை அளக்கும் வேலையும் பின்னாளில் விண்வெளிக்குப் போனது. 2002இல் அமெரிக்காவும் ஜெர்மனியும் அனுப்பிய கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள், ஈர்ப்பு விசையின் ஏற்ற இறக்கத்தை வைத்தே வட இந்தியாவில் நிலத்தடி நீர் வற்றுவதைக் கண்டுபிடித்தன. அவற்றின் பார்வை மிகப் பரந்ததாக இருந்தது; கேரளமே அதில் சிறு புள்ளிதான். கிணறு எங்கே தெரியும்? ஆகவே மத்திய நிலத்தடி நீர் வாரியத்தினர் ஆண்டுக்கு நான்கு முறை கண்காணிப்புக் கிணறுகளுக்குப் போகிறார்கள். எஃகு நாடாவின் நுனியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து இறக்கி, எதுவரை நனைந்தது என்று பார்ப்பது பழைய முறை. அது இன்னும் பொய் சொல்வதில்லை.