நூற்றாண்டு மழை

பாரூர்ப் பெரிய ஏரிக்குத் தென்பெண்ணையின் நீர் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே வருகிறது. நீர் வராத ஆண்டுகளை எண்ணிப் பழகியவர்கள் இப்பகுதி மக்கள். புயல் கடலோரத்தார் கவலை, மேட்டு நிலத்தாருக்கு வறட்சியே விதி என்பது எங்கள் பக்கத்தில் எவரும் ஐயுறாத கணக்கு.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் அக்கணக்கைப் பொய்யாக்கியது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், பக்கத்து வட்டமான ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. ஏரி நீர் பெருகிச் சாலையோரம் நின்ற வண்டிகளை இழுத்துச் சென்றது.

கணக்கு ஏன் பிழைத்தது? ஒரு நிகழ்ச்சிக்கான எடுத்துக்காட்டுகள் எவ்வளவு எளிதாக நினைவுக்கு வருகின்றனவோ, அதைக் கொண்டே அதன் வாய்ப்பை மனிதர் அளக்கின்றனர் என்று ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-இல் எழுதினர். நினைவில் இல்லாதது நிகழாதது என்றாகிவிடுகிறது.

நம் முன்னோர் நினைவை மட்டும் நம்பவில்லை. வறட்சிக்கு அஞ்சி ஏரி வெட்டியவர்கள், மிகை நீர் வெளியேறக் கலிங்கையும் சேர்த்தே கட்டினர். எங்கள் பேச்சில் அது ‘கோடி’. பல ஆண்டுகள் கோடி போகாத ஏரிக்கும் அது உண்டு. அந்நீர் செல்லும் வழியில் வீடு கட்டுகையில், நாம் அவர்கள் கல்லில் வைத்துப்போன எச்சரிக்கையை அழிக்கிறோம்.

வெள்ளம் வடிந்ததும் அடுத்த பிழை தொடங்குகிறது: ‘வந்துவிட்டது, இனி நூறாண்டுக்கு வராது.’ நூற்றாண்டு வெள்ளம் என்பதன் பொருள், ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே. அத்தகைய வெள்ளம் எட்டும் இடத்தில் முப்பதாண்டு வாழ்பவர், ஒரு முறையேனும் அதைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. சென்ற ஆண்டு பெய்ததை வானம் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

சூதில் நாடிழந்த நளனுக்கு இருதுபன்னன் கற்பித்ததும் எண்ணும் கலையையே. தான்றி மரத்தடியில் அதைக் கற்றதும் கலி அவனை விட்டு நீங்கினான் என்கிறது கதை. கலி நீங்கத் தவமோ வரமோ அன்றிக் கணக்கைச் சொன்ன கதையாசிரியன் நுட்பம் வியப்புக்குரியது. மழைமானிப் பதிவேடுகள் நம்மிடம் உள்ளன. மனை வாங்குமுன் நாம் கேட்பதோ, ‘இங்கே தண்ணீர் வந்து பார்த்திருக்கிறீர்களா?’ என்றுதான்.