குதிரைப் படையின் தொப்பிச் சின்னங்கள்

போர்வீரனின் தொப்பியில் நெற்றிக்கு மேலே பொலியும் சிறு சின்னத்தை வெறும் அணிகலன் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது ஒரு படைப் பிரிவின் வரலாற்றுச் சுருக்கமாகும். அச்சில் அடித்த உலோகச் சின்னங்களோடு, சரிகையால் தைத்த சின்னங்களும் நம் குதிரைப் படை மரபில் வழங்கி வந்துள்ளன.

இத்தகைய சின்னங்களைத் தைப்பதில் காசி நகரத்துச் சரிகைக் கைவினைஞர்கள் பெயர் பெற்றவர்கள். சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, உருவத்தை வரைந்து, மேடாக எழ வேண்டிய இடங்களில் நூலை அடுக்கித் தைப்பர். பின்னர், சுருளாக முறுக்கிய மெல்லிய கம்பியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மணி கோப்பதுபோல் ஒவ்வொன்றையும் ஊசியில் கோத்துப் பதிப்பர். துண்டுகள் சாய்ந்து கிடக்கும் திசையினாலேயே ஈட்டிக்கொடி அசைவதாகவும், பறவையின் சிறகு விரிவதாகவும் தோன்றும்.

ஆங்கிலேயர் காலத்துச் சின்னங்கள் பலவற்றின் உச்சியில் பிரிட்டிஷ் மகுடம் அமர்ந்திருந்தது. 1950-ஆம் ஆண்டு நம் நாடு குடியரசானபோது மகுடம் இறங்கி, அசோகரின் சிங்கங்கள் ஏறின. ஆனால், அதன் கீழிருந்த ஈட்டிகளையும் குதிரைகளையும் யாரும் அகற்றவில்லை. இது சிந்திக்கத்தக்கது.

சிந்துக் குதிரைப் படையைப் பாருங்கள். 1839-ஆம் ஆண்டு சிந்து நாட்டு ஹைதராபாத்தில் அது தோன்றியது. ஈட்டி ஏந்திய குதிரை வீரனே அதன் சின்னம். 1938-ஆம் ஆண்டு குதிரைகளைத் துறந்து இயந்திர ஊர்திகளை ஏற்ற முதல் இந்தியப் படைப் பிரிவும் அதுவே. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் சிந்து பாகிஸ்தானுக்குச் சென்றது. படைப் பிரிவோ இந்தியாவிடம் நின்றது. குதிரையும் இல்லை, பெயர் தந்த நிலமும் இல்லை. எனினும் அக்குதிரை வீரன் சின்னத்தில் நிலைத்திருக்கிறான்.

மற்றொரு சான்று, 61-ஆம் குதிரைப் படை. சமஸ்தானங்களின் குதிரைப் படைகளில் எஞ்சியவற்றை ஒன்று சேர்த்து 1953-ஆம் ஆண்டு அது அமைக்கப்பட்டது. குவாலியர், ஜோத்பூர், மைசூர் முதலிய இடங்களின் வீரர்கள் ஒரே அணியில் நின்றனர். அவர்களுக்குச் சின்னமாக வாய்த்தது மைசூர் அரசின் கண்டபேருண்டம் என்னும் இருதலைப் பறவை. இரு தலையும் ஓருயிரும் கொண்ட பறவையைச் சங்கப் புலவரும் உவமையாக அறிவர். பல அரசுகளின் படைகள் ஓருடலாகியமைக்கு இதனினும் பொருத்தமான உருவம் அரிது.

அரச குலத்தின் சின்னம் குடியரசின் படையில் எவ்வாறு இடம் பெறலாம் என்று சிலர் வினவக்கூடும். 1918-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், ஹைபா நகரை எதிரிகளிடமிருந்து மீட்க, ஜோத்பூர், மைசூர் வீரர்கள் ஈட்டியும் வாளும் ஏந்தி இயந்திரத் துப்பாக்கிகளை எதிர்த்துப் பாய்ந்தனர். அவ்வீரர்களின் நினைவைத் தில்லியின் மூன்று சிலைச் சதுக்கம் இன்றும் தாங்கி நிற்கிறது. அந்நாளில் சிந்திய குருதியால் அப்பறவை அரசரின் உடைமை என்ற நிலை கடந்து, வீரரின் உடைமையாயிற்று எனலாம்.

ஆள்வோரின் அடையாளம் ஆட்சியோடு மாறுகிறது. வீரர் ஈட்டிய அடையாளத்தை அடுத்த தலைமுறை வீரர் காத்து வருகின்றனர். சரிகை நாளடைவில் கறுக்கும்; புதிய கை அதே உருவத்தை மீண்டும் தைக்கும்.