திருத்தச் சீட்டு இல்லாத திருத்தம்

போன மாதம் சர்வீஸுக்கு விட்ட காரை எடுக்க மகனோடு நானும் போனேன். பில்லில் ஆயில், ஃபில்டர் எல்லாம் விலையோடு இருந்தன. கடைசியில் ஒரு வரி: "சாஃப்ட்வேர் அப்டேட், கட்டணம் இல்லை". "என்ன தம்பி மாற்றினீர்கள்?" என்று கவுன்டரில் இருந்த பையனைக் கேட்டேன். "கம்பெனியிலிருந்து வந்தது சார், போட்டுவிட்டோம். வண்டி இன்னும் நல்லா ஓடும்" என்றார். "வாங்கப்பா, போகலாம்" என்று மகன் கிளம்பிவிட்டான்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவனுக்கு அந்தப் பதில் ஜீரணமாகவில்லை. விதிப் புத்தகத்தில் ஒரு சொல் மாறினாலும் எங்களுக்குத் திருத்தச் சீட்டு வரும். எண், தேதி, எந்தப் பக்கம், எந்த வரி, பழைய சொல் எது, புதிய சொல் எது என்று எல்லாம் அதில் இருக்கும். அதைக் கத்தரித்து, பசை தடவி, உரிய பக்கத்தில் ஒட்ட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எத்தனையோ ஒட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ஃபோக்ஸ்வாகன் விவகாரம் ஞாபகம் வந்தது. பேப்பரில் படித்திருப்பீர்கள். அதில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு பகுதி உண்டு.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் சில டீசல் கார்களில் அளவுக் கருவியைப் பொருத்தி, சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வெளிவந்தது. சோதனைக் கூடத்தில் ஒழுங்காக இருந்த ஜெட்டா கார், சாலையில் அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. பஸாட் 5 முதல் 20 மடங்கு. கலிஃபோர்னியா காற்று வாரியம் விளக்கம் கேட்டது. சாஃப்ட்வேரைத் திருத்தினால் சரியாகிவிடும் என்றது கம்பெனி. 2014 டிசம்பரில் ஏறக்குறைய 5 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.

சொந்தக்காரர்களுக்குக் கடிதம் போனது. புகை குறையும் என்று நம்பி அவர்களும் டீலரிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் வாரியம் மறுபடி சோதித்தபோது புகை பெரிதாகக் குறையவில்லை. புதிய மாடல்களுக்கு அனுமதி கிடைக்காது என்ற நிலை வந்த பிறகுதான், 2015 செப்டம்பரில் கம்பெனி உண்மையை ஒப்புக்கொண்டது. சோதனை நடப்பதை வண்டியே கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகையை அடக்கும்படி சாஃப்ட்வேர் எழுதியிருந்தார்கள். உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்தச் சாஃப்ட்வேர் இருந்தது.

இனித்தான் நான் சொல்ல வந்தது. 2017-ல் நீதிமன்றத்தில் கம்பெனி குற்றத்தை ஏற்றபோது பதிவான விவரம் இது. பழைய கார்கள் சாலையிலும் சில நேரம் 'சோதனை' நிலையிலேயே ஓடுவதால்தான் உதிரிபாகங்கள் பழுதாகின்றன என்று அவர்களுடைய பொறியாளர்கள் சந்தேகப்பட்டார்கள். அதற்கு மருந்தாக ஸ்டியரிங் திரும்புகிறதா என்று பார்க்கும் வசதியைச் சேர்த்தார்கள். சோதனைக் கூடத்தில் வண்டி உருளைமேல் நிற்கும். சக்கரம் சுழலும், ஸ்டியரிங்கை யாரும் திருப்பமாட்டார்கள். ஆக, சோதனை எது, சாலை எது என்று வண்டிக்கு இன்னும் துல்லியமாகத் தெரிந்துவிடும். இதைத்தான் 'முன்னேற்றம்' என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்த கார்களில் ஏற்றினார்கள். ரிப்பேர் ஆகிறது என்று சொந்தக்காரர் காத்திருந்த நேரத்தில், பொய் கூர்மையாகிக்கொண்டிருந்தது. கேபிளைச் சொருகிய மெக்கானிக்குக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. இந்த வழக்கில் குற்ற அபராதம் மட்டும் 280 கோடி டாலர்.

நம் நாட்டிலும் 2015 டிசம்பரில் அந்தக் குழுமம் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்தது. விதியை மீறவில்லை, தானாக முன்வந்து செய்கிறோம் என்றது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் கவுன்டரில் நிற்கிறவனுக்கு என்ன மாறியது என்று யார் சொல்வது?

எல்லா அப்டேட்டும் மோசடி என்று நான் சொல்லவில்லை. பிரேக்கைச் சரிசெய்யவும், தீ பிடிக்காமல் தடுக்கவும் வருவது உண்டு. அவற்றைப் போடாமல் விடுவதுதான் ஆபத்து. பழைய பதிப்பு எண், புதிய பதிப்பு எண், மாற்றியதற்குக் காரணம் என்ற மூன்று வரிகளைப் பில்லில் எழுதிக் கொடுக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

அதே மூன்றையும் கேட்டு அந்த சர்வீஸ் சென்டருக்குக் கடிதம் எழுதினேன். பதினைந்து நாளாகியும் பதில் இல்லை. நான் படித்த பிரெஞ்சில் வண்டியைத் திரும்ப அழைப்பதற்கும் 'ரப்பெல்' என்பார்கள், பதில் வராத கடிதத்துக்கு அனுப்பும் நினைவூட்டுக்கும் 'ரப்பெல்' என்பார்கள். அவர்கள் முதல்வகையைச் செய்கிறார்கள். நான் நேற்று இரண்டாம் வகையை, நகல் வைத்துக்கொண்டு, தபாலில் அனுப்பினேன்.

உங்கள் பில்லிலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா, எடுத்துப் பாருங்கள்.